நாற்காலியைத் துடைத்தவர்கள்

"கடத்தியிருந்தா மிரட்டல் வந்திருக்கும். ஓடிப்போயிருந்தா மாப்பிள்ளையோட போட்டோ வந்திருக்கும். ரெண்டும் வரலைன்னா என்னக்கா அர்த்தம்?" என்றான் ரேடியோ.

"உனக்கு வேலை இருக்குன்னு அர்த்தம்," என்றார் சுருக்கெழுத்து.

வெல்டர் வீட்டின் முன்னறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் பல காலம் சாட்சிகளின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய ஆரம்பித்தார். வேலை மாறியும் பெயர் மாறவில்லை. கார் ஓட்டுவதும் கூடவே வாய் ஓட்டுவதும் ரேடியோவின் பொறுப்பு. அவனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

காணாமல் போனவள் வெல்டரின் தங்கை. தெருவை ஒட்டிய நிலத்தில் பெரிய உலோக ஆலை ஒன்று வரப்போகிறது. வந்தால் சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன ஆகும் என்று வீடு வீடாகக் கேட்டு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனத்தில் அவளுக்கு வேலை. போன வாரம் ஒரு காலை வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. "வெளியூர்ல வேலை, தேடாதே" என்று அண்ணனுக்கு ஒரு செய்தி. அதன்பின் போன் அணைந்துவிட்டது. அலுவலகத்தில் கேட்டால், ராஜினாமா செய்துவிட்டாள் என்கிறார்கள்.

"இன்னிக்கு மத்தியானம் நகராட்சி அரங்கத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் மேடம். ஆலை வேணுமா வேணாமான்னு எங்க தெரு பூரா பேசப்போறோம். இந்த நேரம் பாத்து அவளைக் காணோம்னா, எனக்கு வேற எப்படி நினைக்கத் தோணும்?" என்றான் வெல்டர்.

"கடைசியா வீட்டுல எப்படி இருந்தா?" சுருக்கெழுத்து வெல்டரின் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு நாளா சரியா சாப்பிடலைங்க. என்னடின்னு கேட்டா, 'அண்ணி, நம்ம தெருவுல கூட்டம் நடந்தப்ப நீங்கல்லாம் எங்க இருந்தீங்க'ன்னு கேட்டா. எந்தக் கூட்டம்டி, அப்படி ஒண்ணு நடக்கவே..."

வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் வந்தது. அலமாரியில் தட்டுகள் ஆடின. மனைவி வாயை மூடிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஜன்னலைப் பார்க்காமல் நின்றாள். வெல்டரும் அப்படியே. வாசலில் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பெட்டி கடந்ததும், "...இல்லையேன்னு சொன்னேன்," என்று அவள் விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.

"தெருவுக்கே ஒரு பட்டன் வச்சிருக்காங்கக்கா," என்று ரேடியோ வியந்தான்.

"பொறந்ததுல இருந்து பழக்கம்ங்க. கத்திப் பேசி ரயிலை ஜெயிக்க முடியுமா?" என்ற மனைவி, மூக்கில் நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். புத்தம் புதுக் கண்ணாடி.

"கண்ணாடி நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"ஆலைக்காரங்க இலவசமா கொடுத்ததுங்க. ஒரு நாள் பஸ் வச்சு எங்க தெருவையே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணு பாத்து அனுப்பினாங்க. ஒருத்தர் விடாம போயிருந்தோம்."

சுருக்கெழுத்து எழுந்துவிட்டார்.

---

ஆலையின் தகவல் மையம் டவுனின் நடுவில், குளிரூட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. நடுக்கூடத்தில் வரப்போகும் ஆலையின் மாதிரி. பச்சைப் பஞ்சில் மரங்கள், நீலக் கண்ணாடியில் ஏரி. ரயில் பாதை அதில் இருந்தது. பாதையோரத் தெரு இல்லை.

"வெல்டர் வீட்டு மேல யாரோ பஞ்சு ஒட்டிட்டாங்க," என்றான் ரேடியோ.

வரவேற்புப் பெண் சிரித்தபடி அவர்களைப் பெரிய திரைக்கு முன்னால் அழைத்துப் போனாள். "உள்ளூர் மக்களோட ஆதரவை இந்தப் படத்துல நீங்களே பாக்கலாம் சார்."

திரையில், வெல்டரின் தெருவில் தண்டவாளத்தை ஒட்டி இருந்த பழைய சரக்குக் கொட்டகை. வரிசையாக நாற்காலிகள். நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி ஒலிபெருக்கியைப் பிடித்து, "எங்க தெருவுல எல்லாருக்கும் சம்மதம். ஆலை வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் கை தட்டியது. பின்னால் ரயில் வந்தது. அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்திக் கத்தினாள். முன்வரிசைக் கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"பேச்சை எழுதியே பாதி ஆயுசு போனவ நான்," என்றார் சுருக்கெழுத்து தாழ்ந்த குரலில். "யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாக்கறதில்லை. எங்க நிறுத்தறாங்கன்னுதான் பாப்பேன். இவங்க நிறுத்தவே இல்லை."

"அப்ப இவங்க அந்தத் தெருவே இல்லையா?"

"போட்டோ எடுத்து வெல்டருக்கு அனுப்பு."

ரேடியோ மாதிரியைப் படம் பிடிப்பவனைப் போல நின்று திரையைப் படமெடுத்தான். பதில் உடனே வந்தது: தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"ஒரு பஸ்ல தெருவை வெளிய எடுத்துட்டு, இன்னொரு பஸ்ல வேற தெருவை உள்ள வச்சிருக்காங்க," என்று ரேடியோ பல்லைக் கடித்தான். "கண்ணைக் கட்டறதுக்குத்தான் கண்ணு முகாமா! சரி, இத்தனை பேரை எங்கக்கா பிடிச்சாங்க? சினிமாவுக்கு ஆள் பிடிக்கிறவங்ககிட்டயா?"

"நடிகன்னா இதைச் செய்யமாட்டான். உக்கார்றதைப் பாரு."

படம் மறுபடி முதலில் இருந்து ஓடியது. ஆட்கள் கொட்டகைக்குள் வந்தார்கள். உட்காரும் முன் ஒவ்வொருவரும் உள்ளங்கையால் நாற்காலியைத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார்கள். தண்ணீர் டம்ளர் கொடுத்ததும் குடிக்கும்வரை அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"சுத்தக்காரங்க," என்றான் ரேடியோ.

"சுத்தம் பாக்கறவங்க துடைச்சிட்டு உக்காந்துடுவாங்க. இவங்க எவ்வளவு தூசி வந்திருக்குன்னு பாக்கறாங்க. தினமும் பாத்துப் பாத்து பழகின கை." அவர் வரவேற்புப் பெண்ணிடம் திரும்பினார். "உங்க நிறுவனத்துக்கு வேற எங்கயாவது ஆலை இருக்காம்மா?"

"பழைய ஆலை ஒண்ணு இருக்கு மேடம். ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்கே நிலம் கொடுத்தவங்களுக்கு அழகான மாதிரிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்திருக்கோம்!"

---

அழகான மாதிரிக் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அடியில் ஒரு காலத்தில் மஞ்சள் பூசியிருந்தது தெரிந்தது. பட்டப்பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ரேடியோ காரைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தி, கூரையில் விரலை இழுத்துப் பார்த்தான். கோடு விழுந்தது.

"இப்பத்தானேக்கா வந்தோம்!"

பின்னால் பழைய ஆலை இரைந்துகொண்டிருந்தது. அதன் புகைபோக்கிக்குப் பக்கத்தில் சாரம் கட்டி இன்னொரு புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. சுருக்கெழுத்து அதைச் சற்று நேரம் பார்த்தார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. பொதுக் குழாயடியில் குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வெல்டரின் மூக்கு, வெல்டரின் நெற்றி. பக்கத்தில் நின்றவள் திரையில் பார்த்த அதே அம்மாள்.

"உங்க அண்ணன் அனுப்பிச்சாரும்மா," என்றார் சுருக்கெழுத்து.

தங்கை குடத்தைக் கீழே வைத்தாள். ஓடவில்லை. "அண்ணன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாளின் வீட்டுக்குள் போனார்கள். அவளை அங்கே எல்லோரும் ஓடக்காரம்மா என்றார்கள். ஆற்றங்கரையை ஆலை எடுத்துக்கொள்வதற்கு முன் ஓடம் தள்ளி ஆட்களைக் கரை சேர்த்தவள். இப்போது அவள் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடி மட்டும் இருந்தது. உள்ளறையில் யாரோ ஒரு குழந்தை இருமியது. நின்றது. மறுபடியும் இருமியது.

"ஆபீஸ்ல அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, இதை வச்சு 'மக்கள் சம்மதம்'னு எழுதச் சொன்னாங்க மேடம்," என்றாள் தங்கை. "நான் பொறந்து வளர்ந்த தெரு. எனக்கே ஒரு முகம் தெரியல. வேலையை விட்டுட்டு, அவங்களைக் கூட்டிட்டு வந்த பஸ் டிரைவரைப் பிடிச்சு விசாரிச்சு இங்க வந்தேன். இவங்களைக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் உண்மையைச் சொல்ல வைக்கணும்னுதான் வந்தேன். ஒரே நாள்ல திரும்பிடலாம்னு."

"அப்புறம்?"

"இங்க தங்கினேன்."

"அதுக்கு ஏன் போனை அணைச்சே?" என்றான் ரேடியோ.

"அண்ணன் கூப்பிட்டா என்ன சொல்றது? இந்தப் புது ஆலை வந்தா பழசை மூடிடுவோம்னு இவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நான் வாயைத் திறந்தா புதுசு வராம நின்னுடும், இந்தப் பழசு ஓடிட்டே இருக்கும். உள்ள இருமுதே, அது ஓடக்காரம்மாவோட பேத்தி. நான் வாயை மூடினா அண்ணன் வீடு போகும். ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் வரல மேடம்."

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு, "ஜன்னலையாவது திறக்கலாமா?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினாள் ஓடக்காரம்மா.

சுருக்கெழுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இதைச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அம்மா, வர்ற வழியில பாத்தேன். ஆலையில இன்னொரு புகைபோக்கி கட்டறாங்க. மூடப்போற ஆலைக்கு எதுக்கு ரெண்டாவது புகைபோக்கி? உங்களை ஏமாத்தியிருக்காங்க."

தங்கை விருட்டென்று நிமிர்ந்தாள். ஓடக்காரம்மா அசையவில்லை.

"தெரியும்மா," என்றாள்.

"தெரியுமா?"

"சாரத்துக்குக் கம்பு ஏத்தின லாரி என் வாசல் வழியாத்தானே போச்சு? எங்க எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொண்ணு மனசு ஒடிஞ்சிடப் போறாளேன்னுதான் சொல்லல."

"தெரிஞ்சுமா போய்ப் பேசினீங்க?" ரேடியோவின் குரலில் கேலி துளியும் இல்லை.

"என்ன பண்ணச் சொல்றே தம்பி? இங்க வந்ததுல இருந்து எத்தனையோ வாசல்ல போய் நின்னாச்சு. ஒருத்தரும் உக்காருன்னு சொன்னதில்லை. அன்னிக்கு பஸ் அனுப்பி, நாற்காலி போட்டு, கையில மைக்கைக் கொடுத்து, 'சொல்லுங்கம்மா'ன்னாங்க. நூத்துல ஒரு பங்கு நெஜமா இருந்துட்டா? அந்த ஒரு பங்குக்காகச் சொன்னேன். யாரோட வீட்டைச் சொல்றேன்னு நான் யோசிக்கல. இந்தப் பொண்ணு வந்து நின்னப்புறம்தான் யோசிச்சேன்."

உள்ளே இருமல் விட்டது. நால்வரும் அது மறுபடி வருகிறதா என்று காத்திருந்தார்கள்.

"இப்ப வந்து உண்மையைச் சொல்வீங்களா?" என்றார் சுருக்கெழுத்து.

ஓடக்காரம்மா தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். "பக்கத்து வீட்டுல பேத்தியைப் பாத்துக்கச் சொல்லிட்டு வரேன். அவங்க குடியைக் கெடுத்துட்டு எனக்கு மட்டும் என்ன விடியப்போகுது?"

---

நகராட்சி அரங்கத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. வெல்டர் தங்கையைக் கண்டதும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "எங்கடி போனே நீ!" என்று கையை ஓங்கினான். ஓங்கிய கையாலேயே அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். துப்பறிய வந்த வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. சுருக்கெழுத்து முடிந்ததாக நினைக்கவில்லை.

மேடையில் விசாரணை அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். களைத்த முகம். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கடைசியாக ஓடக்காரம்மா ஒலிபெருக்கி முன்னால் போனாள்.

"ஐயா, அந்தப் படத்துல எல்லாருக்கும் சம்மதம்னு பேசினது நான்தான். நான் இந்தத் தெருவே இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய ஆலைக் குடியிருப்பு. எங்களைப் பஸ்ல கூட்டிட்டு வந்து பேச வச்சாங்க. அது பொய். இந்தத் தெருக்காரங்க யாரும் சம்மதிக்கல."

அரங்கம் கொந்தளித்தது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று வெல்டர் எழுந்து நின்று கத்தினான். ரேடியோ விசிலடித்தான். இந்த ஒரு தடவை சுருக்கெழுத்து அவனை அடக்கவில்லை.

அதிகாரி கையை உயர்த்திக் கூட்டம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நீங்க இந்தத் தெருவைச் சேர்ந்தவங்க இல்லையாம்மா?"

"இல்லைங்க. அதைத்தான் சொல்றேன்."

"இது பாதிக்கப்படற தெருவுக்கான கூட்டம். வெளியாளுங்க கருத்தை நான் பதிவு பண்ண முடியாது." அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தரின் விரல்கள் விசையை விட்டு எழுந்தன.

சுருக்கெழுத்து முன்னால் வந்தார். "சார், வெளியாள் பேசினது செல்லாதுன்னா, அன்னிக்கு இவங்க பேசினதும் செல்லாதே?"

"அன்னிக்குப் பேசினவங்க உள்ளூர்க்காரங்கன்னு பதிவாகியிருக்கு. இவங்க உள்ளூர் இல்லைன்னு இவங்களே சொல்றாங்க. அப்ப அன்னிக்குப் பேசினது இவங்களா எப்படி இருக்க முடியும்?"

"முகம் இருக்கே சார்! படத்துல முகம் இருக்கு!" என்றான் ரேடியோ.

"படம் என் முன்னால இல்லை தம்பி. அறிக்கைதான் இருக்கு."

பூட்டிய கதவுகளை எத்தனையோ வழக்கறிஞர்கள் ஒரு கேள்வியால் திறந்ததைச் சுருக்கெழுத்து பார்த்திருக்கிறார். அந்தக் கேள்வியைத் தேடி அவர் நின்றார். கிடைக்கவில்லை. அதிகாரி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தார்.

"எனக்குப் புரியுதும்மா. எல்லாமே புரியுது. கேக்கறதுக்கு மட்டும்தான் என்னை அனுப்பியிருக்காங்க. முடிவு எடுக்கறவங்க எவரும் இந்த மாதிரி இடத்துக்கு வர்றதில்லை." பிறகு ஒலிபெருக்கியைப் போட்டு, கையிலிருந்த தாளைப் படித்தார். சம்மதமும் எதிர்ப்பும் இரண்டுமே பதிவாகின. திட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வீடு இழப்பவர்கள் எவரும் தெருவில் விடப்பட மாட்டார்கள். பழைய ஆலையை ஒட்டி ஏற்கெனவே சிறப்பாக அமைந்திருக்கும் மாதிரிக் குடியிருப்பிலேயே அவர்களுக்கும் இடம் ஒதுக்கப்படும்.

இரண்டு மூன்று நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இவளைக் காணோம்னு பயந்துட்டு இருந்தேன் மேடம்," என்றான் வெல்டர். அவன் கை இன்னும் தங்கையின் தோளில் இருந்தது. "இப்ப என்ன பண்றது?"

"கோர்ட்டுக்குப் போகலாம் தம்பி. நான் கூட வரேன்," என்றார் சுருக்கெழுத்து. கோர்ட் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பது அந்த அரங்கத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் குரலில் தெம்பு வரவில்லை.

வெளியே வெயிலில், ஓடக்காரம்மா கார் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். தெருப் பெண்கள் கும்பலாக அவளை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் வெல்டரின் மனைவி. ரேடியோ அவசரமாகக் குறுக்கே போய் நின்றான்.

"அக்கா, அவங்களே மனசு நொந்து போயிருக்காங்க. விட்டுடுங்க."

வெல்டரின் மனைவி அவனைக் கையால் விலக்கினாள். ஓடக்காரம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "திட்டிடும்மா," என்றாள். "வாங்கிக்கறேன்."

வெல்டரின் மனைவி சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கணவன் காதில் விழாதபடி கிட்டே போனாள்.

"எங்களையும் அங்கதான் போடப்போறாங்களாம். எந்த வரிசை கேக்கலாம்?"

ஓடக்காரம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"கிழக்கு வரிசை கேளு. மேற்கு வேணாம், அங்க ஜன்னலே திறக்க முடியாது."

"தண்ணி?"

"காலையில முதல்ல வர்றதைப் பிடிக்காதே. கொஞ்சம் ஓட விட்டுடு. துணியை வெளிய காயப் போடாதே. சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"அப்ப கடைசி வீடு கேளு. கிழக்குல கடைசி."

மற்ற பெண்களும் நெருங்கி வந்தார்கள். ஆளுக்கு ஒன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். வயசானவங்களுக்கு மூச்சு எப்படி இருக்கும்? பக்கத்துல டாக்டர் உண்டா? பால் பாத்திரத்தை எப்படி மூடி வைக்கிறது? தங்கை அண்ணன் பிடியிலிருந்து விலகி, கும்பலின் விளிம்பில் வந்து நின்றாள். வீடு வீடாகப் போய் அவள் கேட்ட கேள்விகளில் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை.

சுருக்கெழுத்து கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கிளம்பலாமா என்று ரேடியோ கண்ணால் கேட்டான்.

"இருடா. அவங்க பேசி முடிக்கட்டும்."

"வந்த புதுசுல எல்லாருக்கும் தொண்டை கட்டும்," என்று ஓடக்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க. நான் இருக்கேன், வந்ததும் என் வீட்டுக்கு வாங்க."